ரெஜினாவுக்கு ஒரு சைக்கிள்

ஜூன் 8, ஞாயிறு

கம்பெனியில் ஆளுக்கொரு டைரி கொடுத்து ஆறு மாதமாகிறது. என்னுடையதில் இன்றுவரை ஒரு எழுத்து இல்லை. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மனைவி ரெஜினா. அவளுக்கு ஒரு சைக்கிள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என் தலையில் போட்டிருக்கிறாள். எந்த வேலையானாலும் எழுதி வைத்துச் செய்வதுதான் எனக்குப் பழக்கம். காற்றாலைகளில் பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் குப்பை கொட்டுகிறேன்.

விஷயம் இது. ஆகஸ்ட் 24 தூத்துக்குடியில் ட்ரையத்லான் பந்தயம். கடலில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீந்தி, கரையேறி தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கி இருபத்தொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். நீச்சலும் சைக்கிளும் நாலரை மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் கயிறு கட்டி மறித்துவிடுவார்கள், ஓட விடமாட்டார்கள். போன வருஷம் ரெஜினா ஒன்பது நிமிஷம் பிந்திவிட்டாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் அரை மணி நேரம் நின்றாள். நான் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை.

நாற்பத்து மூன்று வயது. பனகுடியில் பி.இ.டி. டீச்சர். பிறந்தது கூட்டப்புளி, அண்ணன்மாரோடு கடலில் விழுந்து வளர்ந்தவள், அதனால் நீச்சலைப் பற்றிக் கவலையில்லை. ஓட்டமும் அப்படியே. காலை வாரிவிடுவது சைக்கிள்தான். போன தடவை ஓட்டியது என்னுடைய பழைய நேர்க் கைப்பிடி வண்டி. அதில் சந்தைக்குப் போய் முருங்கைக்காய் வாங்கி வரலாம், அவ்வளவுதான்.

"இந்தத் தடவையும் கயித்துக்கு இந்தப் பக்கம்னா நான் இதோட விட்டுருதேன்," என்றாள். "நீங்களே பாத்து ஒரு வண்டி எடுத்துத் தாங்க. காத்தப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்.

ஜனவரியில் அவள் நாலுவழிச் சாலையில் விழுந்து காறை எலும்பு முறிந்ததைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. எலும்பு கூடிவிட்டது. டாக்டரே ஓட்டச் சொல்லிவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

மூன்று நாளாக வாசிப்புதான். ரெஜினா போனை என் கையிலிருந்து பிடுங்காத குறை.

ட்ரையத்லானுக்கென்றே தனியாக ஒரு சைக்கிள் உண்டு. முழங்கையை நடுவில் ஊன்றிக் குப்புறப் படுத்த மாதிரி ஓட்டுவது. வேகம் அதில்தான் அதிகம். ஆனால் கை பிரேக்கில் இருக்காது. எங்கள் ஊர் ரோட்டில் ஆடு குறுக்கே வரும், டிராக்டர் எதிரே வரும், பஸ்காரன் பக்கவாட்டில் வருவான். அது வேண்டாம். இன்னொன்று சாதாரண ரேஸ் சைக்கிள், எல்லாம் உருண்டைக் குழாய். நடுவாந்தரமாக ஒன்று இருக்கிறது, காற்றைக் கிழிப்பதற்கென்றே வார்த்த ரோடு சைக்கிள். கைப்பிடி வளைந்தது, கை எப்போதும் பிரேக்குக்குப் பக்கத்தில். பந்தயத்துக்கென்று மட்டும் முழங்கை ஊன்றும் தாங்கியைப் பூட்டிக்கொள்ளலாம்.

அதன் குழாயின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் மெலிந்து போகிறது. எங்கள் காற்றாலை இறக்கையேதான். இத்தனை வருஷம் நான் எண்பது மீட்டர் உயரத்தில் தடவிக்கொடுத்த சாமானை யாரோ சின்னதாக்கி இரண்டு சக்கரத்துக்கு நடுவே வைத்திருக்கிறான்.

ஜூன் 15, ஞாயிறு

நாகர்கோவில். கடைக்காரர் பெயர் ஜெபின், நல்ல மனுஷன், ஆனால் வியாபாரி. நான் கேட்ட மாடல் கறுப்பு நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. என்ன அழகு. சீட்டுக் குழாய் பின்சக்கரத்தை அணைத்துக்கொண்டு வளைகிறது, பிரேக் கேபிள் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

"அண்ணாச்சி, இது அம்பத்திரண்டு சைஸ். மேடத்துக்கு சீட்ட எறக்கி விட்டாப் போதும், இப்பவே எடுத்துட்டுப் போலாம்."

ரெஜினா உயரம் நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். அவளுக்கு நாற்பத்தொன்பது சைஸ்தான் பொருந்தும். பெரிய வண்டியில் உட்கார்ந்தால் கையை எட்டி நீட்ட வேண்டும், எட்டினால் அந்தக் காறை எலும்புத் தோள் தாங்காது. நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவளே ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினாள்.

"தம்பி, எம் பள்ளிக்கூடத்துப் புள்ளைக அண்ணன் சட்டையப் போட்டுட்டு கிரவுண்டுக்கு வந்தா நான் திருப்பி அனுப்பிருவேன். என் சைஸ வரவழைங்க. காத்திருக்கேன்."

ஜெபின் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

ஒரு வாரத்துக்கென்று ஜெபினிடம் இரண்டு வண்டி வாங்கி வந்திருந்தேன், அந்தக் கறுப்பு ஒன்று, உருண்டைக் குழாய் ஒன்று. விளம்பரத்தில் போடுகிற கணக்கையெல்லாம் நம்புகிற ஆள் நானில்லை. விடிந்ததும், காற்று எழும்புமுன், ஆள் நடமாட்டமில்லாத ரயில்வே மேம்பாலத்துக்குப் போனோம். உச்சியிலிருந்து மிதிக்காமல் உருண்டு வர வேண்டும், வண்டி எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று தடவை.

உருண்டைக் குழாயைவிடக் கறுப்பு பதினான்கு அடி வைக்கிற தூரம் கூடுதலாக உருண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம் ரெஜினா, "இருங்க, குனிஞ்சு பாக்கேன்," என்று மார்பைக் கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு அதே கறுப்பில் வந்தாள். முப்பத்தெட்டு அடி கூடுதல். மூன்று தடவையும் அதேதான்.

ஆக, சைக்கிள் பாதிகூட இல்லை. காற்றுக்கு முன்னால் நிற்பது ஆள்தான். உடம்பு எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு வேகம், கைப்பிடி ஒரு சென்டிமீட்டர் ஏறினாலும் நெஞ்சு ஏறும், காற்று பிடிக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கண்ணால் பார்ப்பது வேறு.

குனிந்து அந்த இறக்கத்தில் வரும்போது அவள் முகமே தெரியவில்லை. ஹெல்மெட் மட்டும்தான் தெரிந்தது.

ஜூன் 27, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. நாற்பத்தொன்பது, கறுப்பு. மதியத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டு எல்லா போல்ட்டையும், எவ்வளவு இறுக்கம் என்று காட்டுகிற அளவு ஸ்பேனரால் நானே முறுக்கினேன். எங்கள் வேலையில் போல்ட்டை முறுக்கினால் அதன் தலைக்கும் பக்கத்து இரும்புக்கும் சேர்த்து மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் தேதி. பிறகு கோடு உடைந்திருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மறுபடி முறுக்கினால் புதுக் கோடு, புதுத் தேதி. பழையதை அழிக்கக் கூடாது, அது சரித்திரம். கை தானாகவே செய்துவிடும்.

"புது வண்டிக்கு நலுங்கு வச்சிட்டியளா?" என்று ரெஜினா சிரித்தாள்.

பெட்டியில் ஒரு சின்னப் பை மிச்சம். கைப்பிடிக்கு அடியில் கொடுக்கும் வளையங்கள், ஒன்று ஒரு சென்டிமீட்டர், மொத்தம் மூன்று. உயர்த்திக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு. ரெஜினாவுக்குத் தேவையில்லை. என் டூல் பாக்ஸில் போட்டு வைத்தேன்.

ஜூன் 28, சனி

நாற்பது கிலோமீட்டர் சுற்று. ஒரு மணி முப்பத்திரண்டு நிமிஷம். பழைய வண்டியில் ஒன்று நாற்பதுக்குக் குறைந்ததே கிடையாது.

மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன். அவள் போவதைப் பார்க்க வேண்டுமே. முதுகு மேசைப் பலகை மாதிரி அசையவில்லை, கால் மட்டும் சுற்றுகிறது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவளை இப்படிப் பின்னாலிருந்து ஒன்றரை மணி நேரம் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது.

காவல்கிணறு தாண்டி ஒரு பஸ் இடித்துவிடுகிற மாதிரி உரசிப் போனது. அவள் தலையைத் தூக்கவே இல்லை. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தால் ரோடு இன்னும் நன்றாகத் தெரியும். சொன்னேன். "எனக்கு நல்லாத்தான் தெரியுது," என்றாள்.

ஜூலை 5, சனி

1:31:50. நான் பின்னால் போகவில்லை. வேலை இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

ரெஜினா முதல் பூசைக்குப் போயிருந்தபோது சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டேன். கைப்பிடியில் சின்ன வேலை. முறுக்கியாயிற்று. எல்லாம் சரி.

ஜூலை 12, சனி

1:32:20. "இந்த வாரம் தோள் வலி கொறஞ்சிருக்கு," என்றாள். நல்லதுதானே. தோளும் முக்கியம்.

ஜூலை 13, ஞாயிறு

சைக்கிள் சர்வீஸ். எல்லாம் சரி.

ஜூலை 19, சனி

1:32:55. வண்டியை நிறுத்திவிட்டு ரெஜினா தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரமெல்லாம் பள்ளிக்கூட நோட்டில் எழுதுவாள்.

"இன்னைக்கு காத்து எப்படி இருந்துச்சு?"

"பலத்த காத்து. விநாடிக்குப் பதினாலு மீட்டர்."

பதினாலு என்பது பொய்யில்லை. காற்றாலைக் கோபுர உச்சியில் மீட்டர் காட்டியது அதுதான்.

ஜூலை 20, ஞாயிறு

சர்வீஸ். அந்தச் சின்னப் பை காலி.

ஜூலை 26, சனி

1:33:20. தண்ணீர்கூடக் குடிக்காமல் படியில் உட்கார்ந்திருந்தாள். இந்த வாரம் காலையில் சீக்கிரமே பள்ளிக்கூடம் போய் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயிற்சி செய்திருக்கிறாள், மதியச் சோற்றைக் குறைத்திருக்கிறாள், அங்கேயே மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறாள். எல்லாம் எனக்குத் தெரியாமல். கூட வேலை பார்க்கிற டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது.

"உழைக்க உழைக்கப் பின்னாலல்லா போறேன்," என்றாள். "வயசாயிட்டு போல. நாப்பத்து மூணுன்னா சும்மாவா."

"காத்து," என்றேன்.

"நீங்க இருக்கதால தைரியமா இருக்கு. இல்லன்னா நான் இதுக்குள்ள பேரத் திருப்பி வாங்கிருப்பேன்."

சாப்பாடு இறங்கவில்லை. வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 2, சனி

1:33:30.

குளித்துவிட்டு வருவாள் என்று காப்பி போட்டு வைத்திருந்தேன். வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தால் சைக்கிளைத் தானே துடைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு கையில் துணி, மறு கையில் நோட்டு.

"என்னங்க, இங்க வாங்க."

போனேன்.

கைப்பிடித் தண்டின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். மஞ்சள் கோடுகள். பக்கத்தில் என் கையெழுத்தில் தேதிகள். அவள் சத்தமாக, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல வாசித்தாள். "இருவத்தேழு, ஆறு. ஆறு, ஏழு. பதிமூணு, ஏழு. இருவது, ஏழு." பிறகு நோட்டைத் திறந்தாள். "நீங்க தேதி போட்டுருக்கிய. நான் நேரம் போட்டுருக்கேன். ரெண்டையும் பக்கத்துல வச்சா எல்லாம் சரியா வருது. இதுக்கு அடியில மூணு வளையம் எப்படி வந்துச்சு?"

பத்தொன்பது வருஷத்துப் பழக்கம். திருட்டு வேலைக்கும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். இப்படி ஒரு மடையன் எந்த ஊரிலும் இருக்க மாட்டான்.

"காத்துன்னு சொன்னியளே," என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "நான் நம்புனேன்லா. காத்து இல்லன்னா வயசுன்னு நெனச்சேன். ஒரு மாசமா ராத்திரி படுத்துக்கிட்டு, சரி, நம்ம உடம்பு முடிஞ்சிட்டு, இனி ஆசைப்படக் கூடாதுன்னு எனக்கு நானே சொல்லிட்டுக் கெடந்தேன். நீங்க பக்கத்துலதான் படுத்துருந்திய."

நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காப்பி ஆறிப்போயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுத வேண்டியதில்லை என்று ஜூன் எட்டாம் தேதி எழுதினேன். அதை இன்று எழுதுகிறேன், நேற்று சாயங்காலம் அவளிடம் சொன்னபடியே.

ஜனவரியில் அவள் விழுந்தபோது நான் கோபுர உச்சியில் இருந்தேன். யாரோ அவள் போனிலிருந்து கூப்பிட்டார்கள். "இந்த அம்மா கீழ விழுந்துட்டாங்க, பேச்சு மூச்சில்ல," என்றான் ஒருவன். அவ்வளவுதான், லைன் அறுந்துவிட்டது. எண்பது மீட்டர் ஏணி. இடுப்புக் கொக்கியை மாட்டிக்கொண்டுதான் இறங்க முடியும், வேகமாக இறங்கினால் கொக்கி தானே பூட்டிக்கொள்ளும். அவசரத்தில் இரண்டு தடவை பூட்டிக்கொண்டது. இறங்க இருபது நிமிஷம் ஆயிற்று. அந்த இருபது நிமிஷமும் அவள் செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் நினைத்தேன். கீழே வந்து கூப்பிட்டால் அவளே எடுத்து, "ஒண்ணுமில்ல, எலும்புதான்," என்கிறாள்.

இதை ஆறு மாதமாக நான் யாரிடமும் சொல்லவில்லை.

கேட்ட ரெஜினாவுக்குக் கண் கலங்கியது. ஆனால் கேட்ட கேள்வி வேறு.

"அதுக்காக, நான் தோத்தா பரவாயில்லன்னு நெனச்சியளா?"

ஆமாம். அப்படித்தான் நினைத்திருக்கிறேன். இங்கேதான் எழுத முடிகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு நாளாகப் பேச்சில்லை. இன்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் டூல் பாக்ஸைத் திறந்து, கைப்பிடியைக் கழற்றி, மூன்று வளையத்தையும் தானே உருவிவிட்டாள். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு ஸ்பேனரை என்னிடம் நீட்டினாள்.

"கழத்த எனக்குத் தெரியும். முறுக்குறது நீங்க முறுக்குங்க. உங்க முறுக்குல இன்னும் எனக்கு நம்பிக்கை இருக்கு."

அளவு பார்க்க இரண்டு தடவை கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது. நான் செய்ததை யாராவது எனக்குச் செய்திருந்தால் அந்த ஸ்பேனரை அவன் மேலேயே விட்டெறிந்திருப்பேன். இவள் கையில் கொடுக்கிறாள். இவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 9, சனி

1:31:55. காற்று, தரையில் அளந்தது, விநாடிக்கு ஆறு மீட்டர். அவள் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். "ம்," என்றாள். நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

1:31:20. முழங்கைத் தாங்கி பூட்டியாயிற்று. என்னோடு பழையபடி பேசுகிறாள், முக்கால்வாசி.

ஆகஸ்ட் 24, ஞாயிறு, தூத்துக்குடி

நீச்சல் நாற்பத்தொரு நிமிஷம். தண்ணீரிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். உடை மாற்றி வண்டியை எடுக்க ஆறு நிமிஷம். குனிந்தாள், போய்விட்டாள்.

நான் கயிற்றுப் பக்கம் போய் நின்றேன். ரோடு வடக்கும் தெற்குமாக இருக்கிறது, காற்று மேற்கிலிருந்து. போகும்போதும் பக்கக் காற்று, வரும்போதும் பக்கக் காற்று. உப்பளம் திறந்த வெளி, மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. காற்றைப் பற்றி எல்லாம் தெரிந்தவனுக்கு அங்கே நின்றுகொண்டு செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

நாலே கால் மணி நேரம் ஆனது. நாலு இருபது. கயிற்றைக் கையில் வைத்திருந்த பெரியவர், "உங்க வீட்ல இருந்து யாராச்சும் வரணுமா?" என்று கேட்டார். தலையாட்டினேன். நாலு இருபத்தைந்து. நாலு இருபத்தேழு.

தூரத்தில் ஒரு ஹெல்மெட் மட்டும் தெரிந்தது. முகம் தெரியவில்லை. அவ்வளவு தாழ்வாக வந்தாள்.

நாலு மணி இருபத்தெட்டு நிமிஷம் எட்டு விநாடி. வண்டியைக் கம்பியில் மாட்டிவிட்டு ஷூவை மாற்றிக்கொண்டு என்னைத் தாண்டித்தான் ஓடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் பெரியவர் கயிற்றைக் கட்டினார். அடுத்து வந்த ஒரு தம்பி கயிற்றுக்கு முன்னால் வண்டியோடு அப்படியே நின்றுவிட்டான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டரை மணி நேரம் கழித்து ரெஜினா ஓட்டத்தையும் முடித்தாள். உப்புப் பூத்த முகம். மெடலை என் கழுத்தில் போட வந்தாள், நான் விடவில்லை. அதற்கு எனக்கு என்ன யோக்கியதை.

ஆகஸ்ட் 25, திங்கள்

இரண்டு பேருக்கும் லீவு. ரெஜினா வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து மனதில் ஓடிய கணக்கை அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். மறைத்தது போதும்.

"ரெஜி, அந்த மூணு வளையம் நாப்பது கிலோமீட்டருக்கு ஒன்றரை நிமிஷம் தின்னுருக்கு. தொண்ணூறுக்கு மூன்றரை நிமிஷம் வரும். நேத்து உனக்கு மிச்சம் இருந்தது ரெண்டு நிமிஷம்கூட இல்ல. நீ அந்த மஞ்சக் கோட்டப் பாக்காம இருந்துருந்தா அந்தக் கயிறு உன் முன்னாலதான் விழுந்துருக்கும். நான் கட்டுன கயிறு."

அவள் காலைத் தண்ணீரில் அசைத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். சைக்கிள விட்டு எறங்கும்போதே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"பின்ன ஏன் அங்கயே ரெண்டு வார்த்தை கேக்கல?"

"ஓடணும்லா," என்றாள்.

ஆகஸ்ட் 30, சனி

ஒரு வாரம்கூட ஆகவில்லை, காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். சும்மா ஒரு சுற்று என்றாள். நான் டயரை அமுக்கிப் பார்த்தேன், பிரேக்கைப் பார்த்தேன். வேறு பார்க்க ஒன்றுமில்லை.

"பயமா இருக்கு, ரெஜி," என்றேன். வாழ்க்கையில் அவளிடம் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"எட்டு மணிக்கு வந்துருவேன்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். தெரு முனையிலேயே குனிந்துவிட்டாள்.

எட்டு ஏழுக்கு வந்தாள். அந்த ஏழு நிமிஷமும் நான் ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன்.